பழைய பெரிய வேன் வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெம்போ டிராவலர், டாடா விங்கர் போன்ற பெரிய வேன்களைச் செகண்ட் ஹேண்டில் வாங்க நினைக்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு, தமிழ்நாட்டு நடைமுறையை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். காருக்குப் பார்ப்பதுபோல வருடத்தையும் கிலோமீட்டரையும் பார்த்து வேன் வாங்கக் கூடாது. வேன் சம்பாதித்துக் கொடுக்கிற வண்டி. இதுவரை என்ன வேலை பார்த்தது, யார் ஓட்டினார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் கேள்விகளுக்கு அதிலேயே விடை இருக்கும்.

டிராவலர் நல்லதா, விங்கர் நல்லதா?

இரண்டும் நல்ல வண்டிதான், வேலைதான் வேறு. டிராவலரை 1987-ல் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸ் தொழில்நுட்பத்தோடு பஜாஜ் டெம்போ கொண்டுவந்தது. 2005-ல் அந்தக் கம்பெனி ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாறிய பிறகும் ஜனங்கள் வாயில் அது டெம்போ டிராவலர்தான். பின் சக்கரம் தள்ளுகிற வண்டி. சின்ன ஊர்ப் பட்டறையிலும் இதைப் பிரித்துப் பழகிய மெக்கானிக் இருப்பார், ஸ்பேருக்கு அலைய வேண்டியதில்லை. ஆள் நிறைய ஏற்றி மலை ஏறுகிற வேலை என்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

விங்கர் 2007-ல் வந்தது. முன் சக்கரம் இழுக்கிற வண்டி. அடியில் நீளமான புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஓடாததால் தரை தாழ்வு. வயதானவர்களும் குழந்தைகளும் சுலபமாக ஏறி இறங்கலாம். ஊருக்குள் ஸ்கூல் டிரிப், ஆஸ்பத்திரி டிரிப் என்றால் வசதி. பழைய விங்கரைப் பார்க்கும்போது ஒரு சோதனையை மட்டும் விடவே கூடாது: காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுசாக ஒடித்து மெதுவாக வட்டம் போடுங்கள், அப்புறம் மறுபக்கம். முன்சக்கரத்திலிருந்து ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது, செலவு காத்திருக்கிறது.

ஃபோர்ஸ் அர்பேனியா 2022 கடைசியில்தான் அறிமுகமானது. பழைய சந்தைக்கு இன்னும் அதிகம் வரவில்லை. வந்தாலும் விலை இறங்கியிருக்காது.

வேன் என்ன வேலை பார்த்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விற்கிறவர் உண்மையைச் சொல்வாரா?

சொல்லாவிட்டாலும் வண்டி சொல்லிவிடும்.

கம்பெனி ஷிப்ட் வேன்: ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓ.எம்.ஆர். பக்கம் ஓடியவை. இரண்டு மூன்று டிரைவர் மாறி மாறி ஓட்டியிருப்பார்கள். கிலோமீட்டர் எக்கச்சக்கமாக இருக்கும், கேட் வாசலில் ஏசி போட்டபடி மணிக்கணக்கில் நின்றிருக்கும். ஆனால் வண்டி நின்றால் கான்ட்ராக்ட் போய்விடும் என்ற பயத்தில் பலர் சர்வீஸை ஒழுங்காகப் பார்த்திருப்பார்கள். பில் புத்தகம் கேளுங்கள். இருந்தால் அதிகக் கிலோமீட்டரைக் கண்டு பயப்பட வேண்டாம்.

ஸ்கூல் வேன்: கிலோமீட்டர் குறைவு. விற்கிறவர் அதைத்தான் முதலில் சொல்வார். ஆனால் தெருவுக்குத் தெரு நின்று நின்று போன வண்டி. கிளட்ச், பிரேக், கதவு, படி இவைதான் முதலில் போகும். ஏப்ரல், மே விடுமுறையில் வெயிலில் சும்மா நின்றிருக்கும், அதில் பேட்டரியும் ரப்பர் சாமான்களும் வீணாகும். தங்க மஞ்சள் நிறத்தை வேறு பெயின்ட் அடித்து மறைத்திருந்தாலும் கதவு இடுக்கில், சீட் கால் மறைவில், பானெட்டின் உள்பக்கம் பழைய மஞ்சள் தெரியும்.

சுற்றுலா வேன்: ஊட்டி, கொடைக்கானல், சபரிமலை என்று ஓடியது. மலைதான் இதன் கணக்கு. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. அப்படிப்பட்ட பாதையில் ஆள் நிறைத்து ஏறி இறங்கிய வண்டியில் பிரேக் டிரம்மும் கிளட்ச் பிளேட்டும் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்க்காமல் வாங்கக் கூடாது. அதே சமயம், சொந்தமாக வைத்துத் தானே ஓட்டிய ஒருவரின் சுற்றுலா வேன் கிடைத்தால் அதைவிட நல்ல பழைய வேன் சந்தையில் இல்லை என்பேன். சின்னச் சத்தம் கேட்டாலும் அவர் அன்றைக்கே பட்டறைக்குப் போயிருப்பார், ஏனென்றால் அவர் வீட்டு அடுப்பு அந்த வண்டியை நம்பித்தான் எரிந்தது.

ஆம்புலன்ஸாக இருந்து மாற்றியது: இதில் எனக்கு நம்பிக்கை குறைவு. கூரையிலும் பக்கவாட்டிலும் போட்ட ஓட்டைகளை அடைத்திருப்பார்கள், மழையில் அங்கேதான் ஒழுகும். ஆர்.சி-யில் (பதிவுச் சான்றில்) வாகன வகை முறையாக மாற்றப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

மீட்டரில் காட்டுகிற கிலோமீட்டரை நம்பலாமா?

மீட்டரைத் திருப்புவது சின்ன வேலை. டிரைவர் காலடியைப் பாருங்கள். கிளட்ச் பெடல், பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஸ்டியரிங் பளபளத்து, டிரைவர் சீட் ஸ்பாஞ்ச் கதவுப் பக்கமாக அமுங்கியிருக்கும் வண்டியில் மீட்டர் 60,000 காட்டினால் அது பொய். பழைய சர்வீஸ் பில்லிலும் ஆயில் மாற்றிய ஸ்டிக்கரிலும் கிலோமீட்டர் எழுதியிருக்கும், தேதியோடு ஒப்பிடுங்கள். பெடல் ரப்பர் புத்தம் புதிதாக இருந்தாலும் ஏன் மாற்றினார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கலாம்.

நேரில் பார்க்கும்போது எங்கிருந்து ஆரம்பிப்பது?

காலையில் போங்கள், பகல் வெளிச்சத்தில். “நான் வந்த பிறகு ஸ்டார்ட் பண்ணுங்கள்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் திறந்து என்ஜின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காகவே ஏற்கெனவே ஓட விட்டிருக்கிறார்கள். குளிர்ந்த என்ஜினில் ஸ்டார்ட் ஆகத் திணறுவதும், முதல் இரண்டு நிமிடம் வருகிற புகையும்தான் உண்மை நிலை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்காவிட்டால் தண்ணீர் உள்ளே போகிறதா என்று சந்தேகப்பட வேண்டும். மிதித்தால் கறுப்பாகக் கக்கினால் இன்ஜெக்டர், டர்போ, அல்லது வெறும் ஏர் ஃபில்டராகவும் இருக்கலாம். என்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள்: அங்கிருந்து புகை குபுகுபுவென்று தள்ளினால் என்ஜின் உள்ளே தேய்ந்துவிட்டது, பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்தது துரு. வேனுக்கு உயிர் பாடிதான். என்ஜினைக் கழற்றி வேலை பார்க்கலாம், அரித்த பாடியை ஒட்டுப்போட்டு மாளாது. ஒரு சின்னக் காந்தம் கையில் இருக்கட்டும். சக்கர வளைவு, கதவின் கீழ் விளிம்பு, படிக்கட்டுக் குழி, கூரையோர மழைக்கால்வாய் இந்த நான்கு இடத்திலும் வைத்துக்கொண்டே போங்கள். எங்கே ஒட்டாமல் நழுவுகிறதோ அங்கே தகடு இல்லை, பட்டி போட்டுப் பூசியிருக்கிறார்கள். தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். விற்கிறவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. கடைசி சீட்டுக்கு அடியில், பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் மூலைதான் முதலில் அரிக்கும். தூத்துக்குடி, ராமேஸ்வரம், நாகப்பட்டினம் மாதிரிக் கடலோர ஊரில் நின்ற வண்டி என்றால் கீழே படுத்து, டார்ச் அடித்து அடிப்பாகம் முழுவதும் பார்த்தே ஆகவேண்டும்.

டயரின் பக்கச் சுவரில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டு 23-வது வாரத்தில் தயாரித்தது. பட்டன் (டயர் மேல்பரப்பின் வரி) நன்றாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள், ஆறேழு வருட டயரை ஆள் ஏற்றும் வண்டியில் வைத்து ஓட்டக் கூடாது. முன் டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் கோளாறு, அல்லது ஒரு காலத்தில் வண்டி எங்கேயோ மோதியிருக்கிறது.

வெள்ளத்தில் மாட்டிய வண்டியை எப்படித் தெரிந்துகொள்வது?

2015 டிசம்பர் சென்னை வெள்ளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி மழை இவற்றில் மூழ்கிய வண்டிகள் ஏராளம். கழுவி, சீட் துணி மாற்றி, வாசனைத் திரவியம் அடித்து விற்றிருப்பார்கள். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள். வெளியே தெரிகிற பகுதி சுத்தமாக இருக்கும், உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு அப்படியே இருக்கும். சீட் தண்டவாள இடுக்கிலும் ஃப்யூஸ் பாக்ஸ் மூலையிலும் வண்டல் படிந்திருக்கும். எலக்ட்ரிக் கோளாறு வண்டியில் வந்தால் முடிவே இல்லை, விலை எவ்வளவு குறைத்தாலும் விட்டுவிடுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

காலி வேனை ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெறும் வண்டி யாரிடமும் நன்றாகத்தான் ஓடும். முடிந்தால் ஏழெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு ஒரு மேம்பாலமோ மேடோ இருக்கிற பாதையில் போங்கள். மூன்றாவது கியரில் மேடு ஏறும்போது என்ஜின் உறுமல் மட்டும் கூடி வேகம் கூடவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கியர் தானாகத் துள்ளி வெளியே வந்தால் கியர் பாக்ஸ் இறக்க வேண்டியிருக்கும். டிராவலரில் குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் பின்பக்கம் ‘ஊய்ங்’ என்று இரைந்தால் பின் ஆக்ஸிலுக்குள் இருக்கிற பல்சக்கரமான கிரவுன் வீலைச் சந்தேகப்படுங்கள். பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங்கை லேசாக மட்டும் பிடியுங்கள், எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கைக்கே தெரியும்.

ஏசி-யை மத்தியான வெயிலில், வண்டி நின்ற நிலையில், கடைசி வரிசையில் உட்கார்ந்து சோதியுங்கள். முன் சீட்டில் குளிர்வது கணக்கே இல்லை. பயணிகள் சண்டைக்கு வருவது பின் சீட்டிலிருந்துதான்.

உங்கள் மெக்கானிக்கையே கூட்டிப்போங்கள். விற்கிறவர் சொல்கிற பட்டறையில் காட்ட வேண்டாம்.

“இப்போதுதான் எஃப்.சி. முடித்தோம்” என்கிறார்கள். அப்படியென்றால் வண்டி நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா?

இல்லை. எஃப்.சி. என்பது வண்டி ஓடத் தகுதியானது என்கிற சான்று. வாடகை வாகனங்களுக்கு எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும், அதற்குப் பிறகு வருடா வருடமும் எஃப்.சி. காட்ட வேண்டும். அதற்காகத்தான் டிங்கரிங், பெயின்ட், புது ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் என்று மேக்கப் வேலை நடக்கிறது. புதிதாகப் பெயின்ட் அடித்த வேனில் துருவைப் பார்ப்பது கஷ்டம். எஃப்.சி. முடிய இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது என்ற வண்டியை நான் விரும்பிப் பார்ப்பேன். பெயின்ட் பழசாக இருக்கும், குறை எல்லாம் வெளியே தெரியும், எஃப்.சி. செலவைச் சொல்லி விலையும் குறைக்கலாம்.

மஞ்சள் போர்டு வாங்குவதா, வெள்ளை போர்டு வாங்குவதா?

வாடகைக்கு விடப் போகிறீர்கள் என்றால் மஞ்சள் போர்டுதான், வேறு வழியே இல்லை. வெள்ளை போர்டில் காசு வாங்கி ஆள் ஏற்றினால், பெர்மிட் இல்லாமல் ஓட்டியதாக மோட்டார் வாகனச் சட்டம் 192ஏ பிரிவில் 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. அதைவிடப் பெரிய ஆபத்து, விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி ‘வாடகைக்கு ஓட்டினீர்கள்’ என்று ஒதுங்கப் பார்க்கும். பயணி குடும்பமும் நீங்களும் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்.

பெரிய கூட்டுக் குடும்பத்துக்கு, சொந்த உபயோகத்துக்கு என்றால் வெள்ளை போர்டாகவே தேடுங்கள். மஞ்சளை வெள்ளையாக மாற்றலாம், ஆனால் பெர்மிட்டை ஒப்படைக்க வேண்டும், வரி வித்தியாசம் கட்ட வேண்டும், ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நடக்க வேண்டும். அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

என்னென்ன பேப்பர் பார்க்க வேண்டும்?

ஆர்.சி., இன்ஷூரன்ஸ், எஃப்.சி., பெர்மிட், வரி, புகைச் சான்று. இவற்றை விற்கிறவர் காட்டும் ஜெராக்ஸில் பார்க்காமல், எம்-பரிவாகன் செயலியிலோ பரிவாகன் தளத்திலோ வண்டி எண்ணைப் போட்டு நீங்களே பாருங்கள். இ-சலான் பாக்கியையும் அங்கேயே பார்த்துவிடலாம். வேகக் கேமராவில் மாட்டிய சுற்றுலா வேனுக்கு ஊர் ஊராக அபராதம் குவிந்திருக்கும்.

சேஸிஸ் எண்ணை (வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்த எண்) வண்டியிலேயே போய்ப் பார்க்க வேண்டும். அந்த இடத்தைத் துணியால் துடைத்து, மேலே மெல்லிய காகிதம் வைத்து, பென்சிலால் தேய்த்து எடுங்கள். ஆர்.டி.ஓ. வேலைக்கு எடுக்கிற அதே முறைதான். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் விழ வேண்டும். ஓர் எண் மட்டும் சாய்ந்தோ, சுற்றிலும் அரம் போட்ட தடத்தோடோ இருந்தால் அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பிவிடுங்கள்.

சீட்டையும் எண்ணுங்கள். டிரைவரைத் தவிர 12 பேர் வரை மேக்ஸி கேப், அதற்கு மேல் போனால் வகையும் வரியும் மாறும். ஆர்.சி-யில் 12 என்று இருந்து உள்ளே கூடுதலாகப் பலகை சீட் போட்டிருந்தால் அந்தச் சிக்கல் இனி உங்களுடையது.

ஆர்.சி-யில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால் அவர்களின் என்.ஓ.சி-யும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று), கடன் பதிவை நீக்கக் கையெழுத்திட்ட ஃபார்ம் 35-ம் கைக்கு வந்த பிறகுதான் முழுப் பணம். “மிச்ச டியூவை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள், அப்புறம் பெயர் மாற்றிக்கொள்ளலாம்” என்ற ஏற்பாட்டுக்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். ஆர்.சி-யில் உங்கள் பெயர் இருக்காது, கட்டியதற்கு ஆதாரமும் பலவீனம். ஃபைனான்ஸ்காரர் வண்டியைத் தூக்கினால் கேட்க ஆளில்லை.

வண்டியோடு பெர்மிட்டும் வந்துவிடும்தானே?

தானாக வராது. பெர்மிட் கொடுத்த அதிகாரியின் அனுமதியில்லாமல் ஒருவர் பெயரிலிருந்து இன்னொருவர் பெயருக்கு மாறாது என்று சட்டத்தின் 82-வது பிரிவே சொல்கிறது. சுற்றுலா பெர்மிட்டுக்கு வாகன வயது வரம்பும் உண்டு. ஆகவே வண்டிக்கு என்ன வயது என்று கேட்பதோடு, பெர்மிட்டோடு இன்னும் எத்தனை வருடம் ஓட்டலாம் என்றும் கணக்குப் போடுங்கள். கடனில் வாங்குகிறவர்கள் தவணை முடிகிற வருடத்தை அந்தக் கணக்கோடு ஒப்பிட வேண்டும்.

டெல்லி வண்டி, வெளி மாநில வண்டி மலிவாகக் கிடைக்கிறதே?

டெல்லி வட்டாரத்தில் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகளை ஓட்டக் கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. அதனால்தான் அங்கிருந்து வண்டிகள் விலை குறைந்து வந்தன. வண்டி நன்றாகவே இருக்கலாம். ஆனால் அந்த ஊர் என்.ஓ.சி., இங்கே வரி, மறு பதிவு என்று கூட்டினால் மலிவு கரைந்துவிடும். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே பதிவு செய்தாக வேண்டும். வண்டி ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது, அதன் பழைய கதையைச் சொல்ல இங்கே யாரும் இல்லை. என்னைக் கேட்டால் பக்கத்து மாவட்டத்து வண்டிக்கு ஐம்பதாயிரம் கூடக் கொடுப்பேன்.

பைனான்ஸ் கம்பெனி சீஸ் பண்ணிய வண்டியை ஏலத்தில் எடுக்கலாமா?

வண்டி தெரிந்தவர்கள் எடுக்கலாம். முதல்முறை வாங்குகிறவர்களுக்கு வேண்டாம். யார்டில் மாதக்கணக்கில் நின்றிருக்கும், பெரும்பாலும் ஓட்டிப் பார்க்க விட மாட்டார்கள். டியூ கட்ட முடியாமல் போனவர் சர்வீஸும் செய்திருக்க மாட்டார்.

விலையை எதை வைத்துப் பேசுவது?

இன்ஷூரன்ஸ் பாலிசியில் ஐ.டி.வி. (காப்பீடு செய்த மதிப்பு) என்று ஒரு தொகை இருக்கும். வண்டிக்கு மூன்று முதல் நான்கு வயதுக்குள் 40 சதவீதமும், நான்கு முதல் ஐந்துக்குள் 50 சதவீதமும் தேய்மானம் கழித்துப் போட்ட தொகை அது. ஐந்துக்கு மேல் கம்பெனியும் வண்டிக்காரரும் பேசி முடிவு செய்வது. சந்தை விலை அதுவே இல்லை என்றாலும் பேச்சைத் தொடங்க ஒரு பிடி கிடைக்கும். அதிலிருந்து டயர், பேட்டரி, கிளட்ச், ஏசி, வரி பாக்கி, எஃப்.சி. என்று உங்கள் மெக்கானிக் சொன்ன செலவை ஒரு தாளில் எழுதி எதிரில் வையுங்கள். வாயால் “கொஞ்சம் குறைங்க” என்பதைவிட அந்தத் தாள் வேலை செய்யும்.

பி.எஸ்.4 வாங்குவதா, பி.எஸ்.6 வாங்குவதா?

இவை அரசின் புகைக் கட்டுப்பாட்டுத் தரங்கள். 2020 ஏப்ரல் 1 முதல் விற்றவை பி.எஸ்.6. புதிது, பெர்மிட் வயதும் மிச்சம் இருக்கும். ஆனால் புகையைச் சுத்தம் செய்யும் சாதனங்களும் சென்சாரும் அதிகம். மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தால் சாதாரணப் பட்டறையில் தீராது, கம்ப்யூட்டர் போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஊருக்குள் குறுகிய தூரம் மட்டும் ஓடிய பி.எஸ்.6 டீசலில் புகை வடிகட்டி அடைத்திருக்க வாய்ப்புண்டு. சாவியைத் திருப்பியதும் எல்லா விளக்கும் எரிந்து, என்ஜின் ஓடியதும் அணைகிறதா என்று பாருங்கள். திருப்பும்போதே ஒரு விளக்கு எரியவில்லை என்றால் பல்பையே கழற்றியிருக்கலாம்.

கார் லைசென்ஸ் வைத்து வேன் ஓட்டலாமா?

வண்டியின் மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால், எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸே வாடகை வாகனத்துக்கும் போதும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. டிராவலரும் விங்கரும் அந்த எடைக்குள்தான் வரும்.

பணம் கொடுத்தாயிற்று. பெயர் மாற்றம் மெதுவாகச் செய்துகொள்ளலாமா?

கூடாது. வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ-வுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஃபார்ம் 29, 30 இரண்டிலும் விற்கிறவர் கையெழுத்து வேண்டும், வேறு ஆர்.டி.ஓ. எல்லைக்கு வண்டி போகிறது என்றால் ஃபார்ம் 28 என்.ஓ.சி-யும் கேட்பார்கள். பெயர் மாறாத வரை விபத்து இழப்பீட்டுக்கு ஆர்.சி-யில் இருப்பவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, ஆகவே விற்கிறவருக்கும் இதில் அக்கறை இருக்க வேண்டும். சாவி வாங்கும்போது தேதியோடு மணியும் நிமிடமும் எழுதி இருவரும் கையெழுத்திட்ட டெலிவரி நோட் ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று காலை எங்கேயோ விழுந்த சலான் யார் தலையில் என்பதை அந்த மணிதான் தீர்மானிக்கும்.

இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். பழையவரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் வாங்காததற்குக் கிடைக்கிற தள்ளுபடி) உங்களுக்கு வராது, அந்த வித்தியாசத்தைக் கம்பெனி கேட்கும். பழைய ஃபாஸ்டேக்கை அவர் மூடிய பிறகு புதிதாக உங்கள் பெயரில் எடுத்து ஒட்டுங்கள். ஓரிரு நாளுக்குள் என்ஜின் ஆயில், எல்லா ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் நான்கையும் மாற்றிவிட்டு, மாற்றிய கிலோமீட்டரைக் கதவோரம் எழுதி ஒட்டிய பிறகு முதல் டிரிப்புக்கு அனுப்புங்கள்.